113 கிலோமீட்டருக்கு ஒரு கணக்கு நோட்டு

நோட்டின் முதல் வரி 2022 நவம்பர் 21 அன்று எழுதியது: "நீச்சல், 11 மீட்டர், இரண்டு வாய் தண்ணீர்." எனக்கு அப்போது வயது 42. அதுவரை இடுப்பளவுக்கு மேல் தண்ணீரில் நின்றதில்லை. அதற்கு எட்டு நாள் முன்புதான் அலுவலகத் தோழி ஒருத்தி கோவாவில் 'அயர்ன்மேன் 70.3' போட்டியை முடித்துவிட்டு வந்திருந்தாள். அடுத்த ஆண்டு நானும் போவேன் என்று அவளிடம் சொல்லிவிட்டேன்.

70.3 என்பது மைல் கணக்கு. கடலில் 1.9 கிலோமீட்டர் நீச்சல், 90 கிலோமீட்டர் சைக்கிள், 21.1 கிலோமீட்டர் ஓட்டம், மூன்றும் ஒரே நாளில், நடுவில் ஓய்வில்லாமல். மொத்தம் 113 கிலோமீட்டர். எட்டரை மணி நேரத்துக்குள் முடிக்க வேண்டும். இதன் இரட்டிப்புத் தொலைவுதான் முழு அயர்ன்மேன். 1978ல் ஹவாயின் ஓவாஹு தீவில் முதன்முதலில் நடந்தபோது 15 பேர் கிளம்பினார்கள், 12 பேர் முடித்தார்கள்.

எதற்காக என்ற கேள்விக்கு என்னிடம் ஒரே பதில்தான் இருந்தது. 2016ல் அம்மாவுக்கு மார்பகப் புற்றுநோய். அடையாறு புற்றுநோய் மருத்துவமனையில் சிகிச்சை. அந்த மாதங்களில் நான் காத்திருந்த பெஞ்சில் என் பக்கத்தில் உட்கார்ந்திருந்தவர்கள் திருவண்ணாமலையிலிருந்தும் ஆந்திராவின் உட்கிராமங்களிலிருந்தும் துணிப்பையோடு வந்தவர்கள். மகளுக்காக வந்த அப்பா, அண்ணனுக்காக வந்த தம்பி. தங்கையைப் புற்றுநோய்க்குப் பறிகொடுத்த டாக்டர் முத்துலட்சுமி ரெட்டி, 1954ல் 12 படுக்கைகளோடு தொடங்கிய இடம் அது. அடுத்த ஆண்டு வந்து சேர்ந்த டாக்டர் சாந்தா, 2021ல் மறையும்வரை அங்கேயே இருந்தார். பொதுமக்கள் கொடுத்துக் கொடுத்து வளர்ந்த இடத்துக்கு நானும் ஏதாவது கொடுக்க வேண்டும் என்று ஆறு வருடமாக மனதில் ஒரு கடன் கிடந்தது. அம்மா இப்போது நன்றாக இருக்கிறார். 71 வயது.

நான் கணக்கு எழுதும் வேலையில் இருப்பவள். அதனால் பயிற்சியையும் பணத்தையும் ஒரே நோட்டில் எழுத ஆரம்பித்தேன். இடது பக்கம் உடம்பு, வலது பக்கம் ரூபாய். கீழே உள்ளதெல்லாம் அந்த நோட்டிலிருந்து எடுத்ததுதான். புதிதாகத் தொடங்கும் யாருக்காவது உதவும்.

முதல் மூன்று மாதம் பெரும்பாலும் தண்ணீர்தான். வீட்டுக்குப் பக்கத்தில் 25 மீட்டர் குளம் ஒன்று. சொல்லிக் கொடுத்த பையனுக்கு என்னைவிடப் பதினைந்து வயது குறைவு. நான் கையையும் காலையும் எப்படி வீசுவது என்று கேட்டுக்கொண்டே இருந்தேன். அவன் பத்து நாள் கையைப் பற்றிப் பேசவே இல்லை. "அக்கா, நீங்க மூச்சை உள்ள வச்சுக்கிட்டே இருக்கீங்க. தண்ணிக்குள்ள விட்டுருங்க. வெளிய வந்தா தன்னால உள்ள வரும்" என்றான். குளத்தின் ஓரக் கம்பியைப் பிடித்துக்கொண்டு, முகத்தை நீரில் வைத்து, மூக்கு வழியாகக் குமிழி விடுவது. ஒரு நாளைக்கு இருநூறு முறை. மூச்சு முட்டுவது காற்று போதாமல் அல்ல. உள்ளே இருக்கும் காற்றை வெளியே விடாமல் மேலே வந்து, இருப்பதையும் விட்டு, புதிதையும் இழுக்க ஒரே நொடியில் முயல்வதால்தான். இது புரிந்த அன்று 25 மீட்டர் முழுதாகப் போனேன். டிசம்பர் 9.

அடுத்த சிக்கல், கால் மூழ்கியது. உதைக்கத் தெரியவில்லை என்று நினைத்து உதைப்பலகையைப் பிடித்துக்கொண்டு தொடை நோக உதைத்தேன். காரணம் தலையில் இருந்தது. முன்னால் சுவர் வருகிறதா என்று பார்க்கத் தலையைத் தூக்கினால் இடுப்பு இறங்கிவிடும், தராசுத் தட்டு மாதிரி. பார்வையைக் குளத்தின் தரைக்குக் கொண்டுபோனேன். கால் தானாக மேலே வந்தது. பிப்ரவரி கடைசியில் 400 மீட்டர் நிற்காமல் முடிந்தது. அதன்பிறகு சனிக்கிழமைகளில் வேளச்சேரி நீச்சல் வளாகத்தின் 50 மீட்டர் குளம். ஒவ்வொரு 25 மீட்டருக்கும் சுவரைத் தொட்டுப் பழகியவளுக்கு அந்த நடுப்பகுதி நீளமாகத் தெரிந்தது.

கடல் வேறு. மார்ச் மாதம், கடல் அமைதியாக இருக்கும் நாட்களில், கோவளத்தில் ஐந்து பேர் சேர்ந்து போனோம். தனியாக ஒரு நாளும் கடலில் இறங்கக் கூடாது, இதில் எனக்கு இரண்டாவது கருத்தே கிடையாது. நம் கரையில் அலை திரும்பும்போது ஆளை உள்ளே இழுக்கும் ஓட்டம் உண்டு. ஒவ்வொருவர் இடுப்பிலும் கயிறு கட்டி ஆரஞ்சு நிற மிதவை, பக்கத்திலேயே ஒரு ஃபைபர் படகு. படகில் இருந்த மீனவப் பெரியவர் முதல் நாள் நான் அலையைப் பார்த்துத் திரும்பி ஓடியதைப் பார்த்தார். "அலைக்கு முதுகு காட்டாதம்மா. வரும்போது அடியில பூந்துரு, அது மேல போயிரும்" என்றார். பூந்தேன். தலைக்கு மேல் அந்த இரைச்சல் கடந்து போய், மறுபக்கம் எழுந்தபோது நீர் தட்டையாகக் கிடந்தது. அலை உடையும் இடத்தைத் தாண்டிவிட்டால் கடல் இவ்வளவு அமைதியாக இருக்கும் என்பது கரையில் நின்று பார்த்தே வளர்ந்த எனக்குத் தெரியாமல் போயிருந்தது.

குளத்தின் தரையில் இருப்பதுபோல் கடலில் கோடு கிடையாது. எட்டு கைவீச்சுக்கு ஒருமுறை கண்ணை மட்டும் நீருக்கு மேலே கொண்டுவந்து, முதலை பார்ப்பதுபோலப் பார்த்து, உடனே முகத்தைப் பக்கவாட்டில் திருப்பி மூச்செடுக்க வேண்டும். குறி வைக்கப் படகு உதவாது, நகர்ந்துவிடும். கரையில் இருக்கும் உயரமான கட்டடமோ மரமோதான் சரி.

சைக்கிளைப் பற்றி அதிகம் சொல்ல வேண்டியிருக்கிறது, ஏனென்றால் செய்த தவறுகள் பெரும்பாலும் அங்கேதான். பழைய கியர் சைக்கிள் ஒன்றை, வளைந்த ஹேண்டில்பார் வைத்தது, ஒருவரிடமிருந்து வாங்கினேன். ஜனவரியில் இரண்டு முழங்காலிலும் முன்பக்கம் வலி. ஓட்டத்தால் வந்தது என்று நினைத்து ஓட்டத்தை நிறுத்தினேன், மூன்று வாரம் வீண். சீட் தாழ்வாக இருந்ததுதான் காரணம். சீட் தாழ்ந்தால் முழங்கால் ஒவ்வொரு சுற்றிலும் அதிகம் மடங்கும்; முட்டிச் சில்லின் மேல் அழுத்தம் ஏறும். சரிபார்க்க எளிய வழி: சுவரைப் பிடித்துக்கொண்டு சீட்டில் உட்கார்ந்து, குதிகாலைப் பெடலில் வைத்து அடிவரை இறக்கினால் கால் நேராக நிற்க வேண்டும். இன்னொரு கணக்கு, தொடையிடுக்கிலிருந்து தரை வரையான அளவை 0.883 ஆல் பெருக்குவது. எனக்கு 74 சென்டிமீட்டர். பெடல் தண்டுகள் இரண்டும் சேர்ந்து சுழலும் அச்சின் நடுவிலிருந்து சீட்டின் மேல்பகுதி வரை 65.3 வர வேண்டும். அளந்தால் 63.5. ஒரே நாளில் ஏற்றாமல் வாரத்துக்கு அரை சென்டிமீட்டராக ஏற்றினேன். மார்ச் நடுவில் வலி இல்லை.

ஞாயிறு அதிகாலை நாலரைக்குத் திருவான்மியூரிலிருந்து கிளம்பி கிழக்குக் கடற்கரைச் சாலையில் நீலாங்கரை, உத்தண்டி, முட்டுக்காடு பாலம், கோவளம், நெம்மேலி என்று மாமல்லபுரம் போய்த் திரும்புவது நீண்ட பயிற்சி. போக வரக் கிட்டத்தட்ட 90 கிலோமீட்டர். மே மாதத்தில் தெற்குக் காற்று எதிரே நின்று அடிக்கும். முன்னும் பின்னும் விளக்கு, பளிச்சென்ற சட்டை, எப்போதும் நாலு பேர். போட்டியில் முன்னால் போகிறவரின் பின்னால் ஒட்டிக் காற்றுக்கு ஒதுங்கி ஓட்டக் கூடாது, 12 மீட்டர் இடைவெளி விட வேண்டும், மீறினால் ஐந்து நிமிடம் நிறுத்திவைப்பார்கள். எனவே நாலு பேராகப் போனாலும் விலகி விலகித்தான் போனோம்.

ஏப்ரல் 16 நோட்டில் சிவப்பு மையில் இருக்கிறது. நெம்மேலி தாண்டிப் பின் டயர் காற்றிறங்கியது. கற்றுக்கொண்டபடி சக்கரத்தைக் கழற்றி, புது ட்யூப் போட்டு, கைப்பம்பில் அடித்துக் கிளம்ப 35 நிமிடம். இரண்டே கிலோமீட்டரில் மறுபடியும் காற்றில்லை. டயருக்குள் அரிசி மணி அளவு கண்ணாடித் துண்டு அப்படியே குத்தி நின்றிருந்தது. ட்யூபை மாற்றும் முன்பு டயரின் உள்பக்கம் முழுவதையும் விரலால் மெதுவாகத் தடவிப் பார்க்க வேண்டும். பழைய ட்யூபில் எந்த இடத்தில் ஓட்டை என்று பார்த்தால் டயரில் எந்த இடத்தில் தேடுவது என்பதும் தெரிந்துவிடும். வால்வுக்கு நேராக டயரின் பெயர் எழுத்து வருமாறு எப்போதும் மாட்டிவைத்தால் இந்தத் தேடல் சுலபம். அதன்பிறகு வாரத்துக்கு இருமுறை வீட்டுக் கூடத்தில் ட்யூப் மாற்றிப் பழகினேன். என் மகள் கடிகாரம் பார்த்துச் சொல்வாள். ஜூலையில் 9 நிமிடம்.

கடற்காற்றின் உப்பு சங்கிலியைத் தின்றுவிடும். ஒவ்வொரு ஞாயிறும் வந்ததும் முதலில் சைக்கிளைக் கழுவி, துடைத்து, சங்கிலியின் ஒவ்வொரு கண்ணிக்கும் ஒரு சொட்டு எண்ணெய் விட்டு, மேலே வழியும் எண்ணெயைத் துணியால் எடுத்துவிட வேண்டும். பிறகுதான் எனக்கு இட்லி.

மார்ச்சில் இன்னொன்று. படியேறினாலே மூச்சு வாங்கியது, இரவில் கால் குடைந்தது. பயிற்சி அதிகம் என்று வீட்டில் எல்லோரும் சொன்னார்கள். இரத்தப் பரிசோதனையில் ஹீமோகுளோபின் 10.4. பெண்களுக்கு 12க்குக் கீழே போனாலே இரத்தசோகை. மருத்துவர் இரும்புச்சத்து மாத்திரை எழுதிக்கொடுத்து, அதோடு டீயும் காபியும் ஒரு மணி நேரத்துக்கு முன்னும் பின்னும் வேண்டாம், அவை இரும்பை உடம்பு ஏற்கவிடாது என்றார். நான் இத்தனை வருடமும் சாப்பிட்ட கையோடு காபி குடித்தவள். ஜூலையில் 12.6. அதே வேகத்தில் ஓடும்போது இதயத் துடிப்பு நிமிடத்துக்குப் பத்துக்கு மேல் குறைந்திருந்தது. இப்படிப்பட்ட பயிற்சியைத் தொடங்கும் நம் ஊர்ப் பெண்கள் ஷூவுக்கும் சைக்கிளுக்கும் முன்னால் இந்தப் பரிசோதனையைச் செய்துகொள்ள வேண்டும் என்பதை எத்தனை முறை வேண்டுமானாலும் சொல்வேன்.

ஓட்டம் பற்றிப் பெரிதாகச் சொல்ல எதுவுமில்லை. மெதுவாக, பேசிக்கொண்டே ஓடும் வேகத்தில், வாரம் மூன்று நாள். மூன்று வாரம் தூரத்தை ஏற்றி, நாலாவது வாரம் இறக்குவது. சைக்கிளை விட்டிறங்கியதும் உடனே ஓடுவதுதான் தனிப் பழக்கம். முதல் இரண்டு கிலோமீட்டருக்குக் கால் யாருடையதோ போல இருக்கும். ஞாயிறுதோறும் செய்தால் அது சுருங்கும்.

வியர்வையை அளந்தேன். அக்னி நட்சத்திரத்தில் ஒரு மணி நேரம் ஓடுவதற்கு முன்பும் பின்பும் எடை பார்த்தேன். 1.1 கிலோ குறைவு, நடுவில் குடித்தது 300 மில்லி. ஆக மணிக்கு 1.4 லிட்டர். அவ்வளவையும் குடிக்க வயிறு இடம் தராது, குடிக்கவும் வேண்டாம். வெறும் தண்ணீரை அளவுக்கு மீறிக் குடித்தால் இரத்தத்தில் உப்பு நீர்த்துப்போய் உயிருக்கே ஆபத்தாகும். கடையில் விற்கும் ஜெல் என் வயிற்றுக்கு ஒத்துவரவில்லை. 750 மில்லி பாட்டிலில் 45 கிராம் சர்க்கரை, கால் தேக்கரண்டி உப்பு, ஒரு எலுமிச்சம்பழம். மணிக்கு ஒரு பாட்டில், கூடவே இரண்டு பேரீச்சம்பழம். ஆறு மாதம் இதையே குடித்துப் பழகியதால் போட்டி நாளில் வயிறு ஒரு சத்தமும் போடவில்லை.

இனி வலது பக்கம்.

பிப்ரவரியில் ஒரு நீளமான செய்தி எழுதி, என் போனில் இருந்த எல்லாக் குழுக்களுக்கும் அனுப்பினேன். கைகூப்பிய படங்களும் வாழ்த்தும் நிறைய வந்தன. பணம் 4,500 ரூபாய், மூன்று பேரிடமிருந்து. அதில் ஒருவர் என் தங்கை. இரண்டு மாதம் வலது பக்கம் காலியாகவே கிடந்தது. கேட்கவும் கூச்சம், கேட்காமல் இருக்கவும் முடியவில்லை.

ஏப்ரலில் நோட்டை விரித்து 113 வரி போட்டேன். 1, 2 நீச்சல். 3 முதல் 92 வரை சைக்கிள். 93 முதல் 113 வரை ஓட்டம். ஒரு வரிக்கு 2,000 ரூபாய். தருகிறவர் பெயரோ, அவர் நினைக்கும் ஒருவர் பெயரோ அந்த வரியில் எழுதப்படும். அந்தக் கிலோமீட்டரைக் கடக்கும்போது அவர்களை நினைப்பேன். ஒவ்வொரு மாலையும் இரண்டே இரண்டு பேருக்குப் போன் செய்வது, செய்தி அனுப்புவதில்லை. "எந்தக் கிலோமீட்டர் வேணும்?" என்றுதான் கேட்டேன். ஆட்கள் எண்ணைத் தேர்ந்தெடுத்தார்கள். பிறந்த தேதி, கல்யாண வருடம், வீட்டு எண். பள்ளித் தோழி ஒருத்தி 47ஐக் கேட்டாள். அவள் கணவர் இறந்த வயது. போனின் இரண்டு பக்கமும் கொஞ்ச நேரம் யாரும் பேசவில்லை.

பணம் எதுவும் என் கணக்குக்கு வரக் கூடாது என்று முதலிலேயே முடிவு செய்திருந்தேன். நேராக மருத்துவமனைக்குச் செலுத்திவிட்டு ரசீதை மட்டும் எனக்குக் காட்ட வேண்டும். பழைய வருமானவரி முறையில் இருந்தவர்களுக்கு நன்கொடைக்கான 80ஜி வரிச் சலுகை அப்போது கிடைத்தது. ரொக்கமாக 2,000 ரூபாய்க்கு மேல் கொடுத்திருந்தால் அந்தச் சலுகை இல்லை. நுழைவுக் கட்டணம், பயணம், சைக்கிள் எல்லாம் என் சம்பளத்தில். தர்மத்துக்கு என்று கேட்ட பணத்தில் போட்டிக்குப் போய்வருவதை என் மனம் ஒப்பவில்லை. யார் என்ன நியாயம் சொன்னாலும் இதில் நான் மாற மாட்டேன்.

அம்மாவிடம் நான் கேட்கவில்லை. "நாற்பது வயசுக்கு மேல கடல்ல என்னடி வேலை?" என்று தினமும் திட்டிக்கொண்டிருந்தவர், ஜூன் 19ஆம் தேதி, ஊரே மழையில் மூழ்கிக் கிடந்த அன்று, ஓய்வூதியப் பணம் 2,000 ரூபாயை மேசை மேல் வைத்தார். "முதல் வரி எனக்கு" என்றார்.

எங்கள் தெரு முனையில் இஸ்திரி போடும் அண்ணன் நான் விடியலில் சைக்கிளோடு போவதைப் பார்ப்பவர். விஷயத்தைக் கேட்டுவிட்டு 200 ரூபாய் நீட்டினார். "இதுக்குக் கால் வாசிகூட வராதுன்னு தெரியும்மா" என்றார். அன்றைக்குத்தான் 113வது வரியைப் பத்தாகப் பிரித்தேன். ஆளுக்கு 200. இஸ்திரி அண்ணன், பால் போடுகிறவர், அடுக்ககக் காவலர், அலுவலகத்தில் டீ கொண்டுவரும் அக்கா என்று பத்துப் பெயர் ஒரே வரியில்.

ஆகஸ்டில் ஏலகிரி. கோவா பாதையில் ஏற்றங்கள் உண்டு, சென்னையில் மேம்பாலத்தை விட்டால் ஏற்றமே கிடையாது. பின்சக்கரத்தின் பெரிய பல்சக்கரத்தில் 28 பல் இருந்ததை 32 பல் உள்ளதாக மாற்றி, அதற்குத் தக்கபடி நீளக் கையுள்ள டிரேலியரும் (கியர் மாற்றும்போது சங்கிலியை நகர்த்தும் கருவி) போட்டுக்கொண்டேன். ஏலகிரிச் சாலையின் 14 கொண்டை ஊசி வளைவுகளுக்கும் பெயர் உண்டு. கீழே பாவேந்தர், பாரதியார், வள்ளுவர் என்று புலவர்கள். மேலே போகப் போகப் பாரி, காரி, ஓரி என்று வள்ளல்கள். ஒளவையார் வளைவில் இறங்கி நின்றுவிட்டேன். தொடை நடுங்கியது. பாரி பலகை கண்ணுக்கு எதிரே. முல்லைக்குத் தேரைக் கொடுத்தவன் பெயரைப் படித்துக்கொண்டே மறுபடி ஏறி உட்கார்ந்தேன். மூன்றாவது முறை போனபோது நிற்காமல் மேலே சேர்ந்தேன்.

செப்டம்பர் கடைசியில் 113 வரியும் நிரம்பிவிட்டது.

சைக்கிளைப் பெட்டியில் கட்டும்போது ஒரு குறிப்பு: இடது பெடலின் மரை எதிர்த் திசை. ஸ்பேனரை மேல்நோக்கி மாட்டி, சைக்கிளின் பின்பக்கம் நோக்கித் தள்ளினால் இரண்டு பெடலும் கழலும். ஹேண்டில்பாரின் இரு முனை அடைப்பான்களும் இருக்கின்றனவா என்று பார்த்துக்கொள்ளுங்கள். திறந்த குழாய் விழும்போது ஆளைக் குத்தும் என்பதால் அடைப்பான் இல்லாத சைக்கிளைப் போட்டிக்குள் விடமாட்டார்கள்.

2023 அக்டோபர் 8, பனாஜியின் மிராமர் கடற்கரை. 3 முதல் 92 வரையுள்ள பெயர்களைப் பொடி எழுத்தில் எழுதி, சைக்கிளின் மேல்குழாயில் செலோடேப் போட்டு ஒட்டியிருந்தேன். ஓட்டத்துக்கான 21 வரி இடது கையில் மை கொண்டு. நீச்சல் வரிகளை எழுத வேண்டிய அவசியம் இல்லை.

அரபிக்கடல் வெதுவெதுப்பாக இருந்தது. முதல் மிதவை வரை பக்கத்து ஆட்களின் கையும் காலும் என் மேல் பட்டுக்கொண்டே இருந்தன. ஒருமுறை நீச்சல் கண்ணாடி நகர்ந்து உப்புநீர் கண்ணில் புகுந்தது. மூச்சை இறுக்கிக்கொண்டேன், நெஞ்சு படபடத்தது. மல்லாந்து மிதந்தபடி கண்ணாடியைச் சரிசெய்துகொண்டு, முகத்தை மறுபடி நீரில் வைத்து, குமிழி விட்டேன். ஓரக் கம்பியைப் பிடித்துக்கொண்டு விட்ட அதே குமிழி. நீச்சலுக்குக் கெடு 70 நிமிடம். 54வது நிமிடத்தில் காலில் மணல் தட்டியது.

சைக்கிள் 4 மணி 1 நிமிடம். ஒட்டிய தாளில் பாதி எழுத்து வியர்வையிலும் தண்ணீரிலும் கரைந்துவிட்டது. ஆனால் ஐந்து மாதம் போனில் பேசிப் பேசி எழுதிய பெயர்கள், வரிசை மறக்கவில்லை. 47வது வரி ஓர் ஏற்றத்தில் வந்தது. பஞ்சர் இல்லை.

ஓட்டம்தான் கடினம். டோனா பாவுலா பக்கம் போய்த் திரும்பும் சாலையில் வெயில் நேராக இறங்கியது. 101வது வரிக்கு மேல் தண்ணீர்ப் பந்தலுக்குப் பந்தல் நடந்து, நடுவில் ஓடினேன். தொப்பிக்குள் ஐஸ்கட்டி போட்டுக்கொண்டேன். கடைசிக் கிலோமீட்டரில் பத்துப் பெயரையும் வாய்விட்டுச் சொல்லிக்கொண்டே போனேன். ஒரு பெயருக்கு நூறு மீட்டர், சரியாக வந்தது. மொத்தம் 7 மணி 56 நிமிடம்.

அக்டோபர் 16 திங்களன்று கணக்கை முடித்தேன். 113 வரிக்கு 2,26,000. வரிக்கு மேல் கூடுதலாகக் கொடுத்தவர்களால் 18,500. ஆக 2,44,500. ரொக்கமாகத் தந்த அம்மாவின் பணத்தையும் அந்தப் பத்துப் பேரின் பணத்தையும் மட்டும் நானே கொண்டுபோய்க் கட்டினேன், அவரவர் பெயரில் தனித்தனி ரசீது கேட்டு.

மாலையில் இஸ்திரி வண்டியில் அண்ணனிடம் அவருடையதைக் கொடுத்தேன். கையைத் துடைத்துக்கொண்டு வாங்கினார். தன் பெயரை ஒருமுறை படித்துப் பார்த்துவிட்டு, முருகன் படத்தின் சட்டத்துக்குப் பின்னால் ரசீதைச் செருகி வைத்தார்.